தப்பாகச் செய்ய ஆள் தேடினேன்

என் மகள் ரேவதி மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கையில் திருப்புளி. கழற்றிய திருகாணிகள் பக்கத்தில் ஒரு தட்டில் கிடந்தன. அது அவள் அம்மா நாஷ்டா கொடுத்தனுப்பிய தட்டு. இட்லியைத் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, தட்டைத் திருகாணிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். இட்லியில் எறும்பு ஏறிவிட்டது.

நான் மாடி அறை வாசலில் நின்றேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்ததால் உள்ளே ஒரே புழுக்கம். மின்விசிறி ஓடினால் துணி ஆடி வெளிச்சம் வருகிறதென்று அதையும் நிறுத்திவைத்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மிஷின் கெட்டுப்போச்சு நைனா."

"நேத்துகூட அத்தினி பேர் உக்காந்து எயுந்து போனாங்களே."

"அதான் சொல்றேன். எல்லாரும் மொதல்ல சரியா பண்றாங்க. போகப்போகத் தப்பா பண்றாங்க. மனுஷங்க அப்டி பண்ணமாட்டாங்க நைனா. தலைகீழா வருது. மிஷின்லதான் எங்கயோ கோளாறு."

முதலில் சரியாகச் செய்கிறார்கள் என்று அவள் சொன்ன இடத்தில் என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. சரியாகச் செய்யாமல்? அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு முழுக்க என்னுடையது. அழுகிறவளிடம் பெருமை பேச வேண்டாம், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சும்மா இறங்கி வந்துவிட்டேன்.

நான் பொக்லைன் வாங்கிய கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் படித்துவிட்டு, 'உங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே' என்று செங்கல்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை, பெருமை எனக்குத் தேவையான அளவு இருக்கிறது. எரிச்சலை இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

அதுக்கு மேல இன்னா கீது?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் ஐந்தாம் வகுப்பில் பாதிதான். லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவரானேன். டிராக்டர் வாங்கினேன், பிறகு பொக்லைன். இன்றைக்கு உத்திரமேரூரிலிருந்து மாகறல் வரை எந்த ஏரியில் தூர் வாரினாலும் என் வண்டி ஒன்று அங்கே நிற்கும். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதையெல்லாம் முந்தைய வாரங்களில் விரிவாக எழுதியிருக்கிறேன். படிக்காதவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளவும்.

ரேவதி என்னைப் போல் இல்லை. படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே போனாள். ஒருவழியாக டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். அதற்கு மேலும் ஆராய்ச்சி இருக்கிறதாம். அதற்கு வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. அந்த வேலையும் நிரந்தரம் இல்லை, சில வருஷத்தில் முடிந்துவிடும். முடிவதற்குள் ஏதாவது கண்டுபிடித்துக் காட்டினால்தான் அடுத்த இடம்.

இதை நான் ஊரில் எப்படிச் சொல்வது? டீக்கடையில் கேட்பார்கள்.

"பொண்ணு இன்னா பண்ணுது?"

"ஆராய்ச்சி."

"டாக்டர் பட்டம் வாங்கிடுச்சுன்னு சொன்னியே."

"வாங்கிட்டா. இது அதுக்கு மேல."

"அதுக்கு மேல இன்னா கீது?"

"கீது."

"அப்ப இன்னும் படிச்சிக்கினுதான் கீதுன்னு சொல்லு."

எத்தனை வருஷமாக இதே பேச்சு. எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டால் அது இன்னும் ரோதனை. நீங்கள் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறீர்கள். கை நேராகப் போய் டம்ளரைப் பிடிக்கிறது. அதற்குள் மூளை என்ன கணக்குப் போடுகிறது, தவறினால் எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதுதான் அவள் படிப்பு. இதை ஒருமுறை விளக்கினேன். கேட்டவர் தன் டம்ளரை எடுத்து டீயைக் குடித்துவிட்டு, "தோ எடுத்துட்டேன், இதுல இன்னா கீது" என்றார்.

மூளை என்ற வார்த்தை மட்டும் எல்லோர் காதிலும் ஒட்டிக்கொண்டது. இந்த முறை மாசி கடைசியில் அவள் வந்து இறங்கிய மறுநாளே வாசலில் கூட்டம். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, ராத்திரி தூக்கமில்லை, கை மரத்துப்போகிறது. நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வட்டமாகவே சுற்றும் வெள்ளாட்டை ஒருத்தர் இழுத்துக்கொண்டு வந்தார்.

மனிதர்களையெல்லாம் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள், அந்த ஆட்டின் முன்னால் மட்டும் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "காதுக்குள்ள சீழ் கட்டியிருக்கும், மாட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். ஆடு சரியாகிவிட்டது. அதன் பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. பேஜார்.

ஒரு பிடி, ஒரு புள்ளி

அவளோடு ஒரு பெரிய பெட்டியும் வந்திருந்தது. அவள் வேலை செய்யும் இடத்தில் கெஞ்சி இரவல் வாங்கி வந்த இயந்திரம். பெயர்தான் இயந்திரம். பார்த்தால் ஒரு மேஜை. அதன்மேல் ஒரு மறைப்புப் பலகை. பலகைக்குக் கீழே கையை விட்டு ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எதிரில் திரையில் ஒரு புள்ளி, அதுதான் நம் கை. கொஞ்ச தூரத்தில் ஒரு வட்டம். பிடியைத் தள்ளிப் புள்ளியை வட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான்.

நம் வயதில் இதையா விளையாடுவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்தான் பொறுமையாகச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் நேராகப் போகும் புள்ளி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பிக்கும். நாம் நேராகத்தான் தள்ளுவோம், அது வலப்பக்கம் ஓடும். தப்பாகும். மறுபடி தப்பாகும். பிறகு தப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிலர் யோசித்துச் சூட்சுமத்தைப் பிடித்து இடப்பக்கம் குறி வைப்பார்கள். சிலருக்கு ஒன்றுமே புரியாது, ஆனால் கை தானாகத் திருத்திக்கொள்ளும். கடைசியில் புள்ளியை மறுபடி நேராக்கிவிட்டால், பழகிய கை இப்போது இடப்பக்கம் ஓடும்.

"இதெல்லாம் காலேஜ் பசங்கள உக்கார வெச்சே பாத்துட்டாங்க நைனா. காலம் பூரா கையால வேலை செஞ்சு வயசானவங்கள யாரும் சரியா பாக்கல. வயசானா குறையறது யோசனையா, கையா? அதத்தான் நான் பாக்கணும்."

"பாக்கலன்னா?"

"இத வெச்சுதான் அடுத்த வேலைக்குக் கேக்கப்போறேன். இது இல்லன்னா என் கையில காட்ட ஒண்ணும் இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அது எனக்கு உறைத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொன்னது எனக்குப் புதிதே இல்லை. முன்பு இரண்டாவதாக ஒரு பொக்லைன் வாங்கினேன். என் பழைய வண்டியில் இடது கை செய்யும் வேலையை அதில் வலது கை செய்ய வேண்டும். கைப்பிடிகள் அப்படி மாறியிருந்தன. முதல் வாரமே என் சொந்த மாட்டுக் கொட்டகையின் கூரையில் வாளியைக் கொண்டுபோய் மோதினேன். பிறகு பழகியது. பழகிய பின் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அதே கொட்டகையின் மறுபக்கமும் போயிற்று. மாடுகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இதை ரேவதியிடம் சொன்னேன். "அதேதான் நைனா, அதேதான்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். அதேதான் என்றால் என் பெயரையும் அந்தக் கட்டுரையில் ஒரு ஓரமாகப் போடலாம் அல்லவா? போடமாட்டார்களாம்.

கொட்டகைப் பள்ளிக்கூடம்

ஆள் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அறுபது தாண்டியவர்களாக வேண்டும் என்றாள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

முதல் தடங்கல் கையெழுத்து. சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "எந்த நெலத்துக்கு?" நிலமும் இல்லை, மனையும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்யச் சந்தேகம் அதிகமானது. கடைசியில் தாளைப் படித்துக்காட்ட ரேவதியே இறங்கி வந்தாள்.

முதலில் உட்கார்ந்தவர் ஏகாம்பரம். என் மனைவியின் தம்பி. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர், இப்போது எங்கள் ஊரோடு வந்துவிட்டார். ஜரிகை இழையைப் பிடிக்கும் கை. அவர் முகம் தொங்கிப்போய் மாடிப்படியில் இறங்கினார்.

"மானமே போச்சு மாமா."

"ஏன்?"

"நேராத்தான் தள்றேன். அது சோத்தாங்கை பக்கமா இஸ்துக்கினு ஓடுது. ரேவதி ஒரு வார்த்த சொல்லாம பாத்துக்கினே கீது."

எனக்குப் பகீரென்றது. வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் எங்கள் ஊர்க்காரர்கள் கையாலாகாதவர்கள் என்று பதிவாகப் போகிறது. அதுவும் என் வீட்டு மாடியில், என் மகள் கையாலேயே.

நான் வேடிக்கை பார்க்கிறவன் இல்லை. மறுநாள் காலை கீழே வண்டிக் கொட்டகையில் ஒரு பலகையைப் போட்டேன். சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைந்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன், அதுதான் பிடி. கையின்மேல் துண்டைப் போட்டு மூடினேன். மாடிக்குப் போக வந்தவர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்தேன். டீ, போண்டா.

"புள்ளி சோத்தாங்கை பக்கம் ஓட ஆரம்பிச்சா பயப்படக் கூடாது. நீ பீச்சாங்கை பக்கமா ஒதுங்கிக் குறி வை. அது தானா வந்து வட்டத்துல வுயும்."

கீரை விற்கும் குப்பம்மா கேட்டாள். "ஏன்பா, இன்னா பரிச்சைக்குப் போறாப்ல கீது?"

"பரிச்சைதான். ஊர் மானம் கீது இதுல."

"ஃபெயிலானா போண்டாவைத் திருப்பிக் கேப்பியா?"

டம்ளரைத் தள்ளித் தள்ளி எல்லோரும் பழகினார்கள். கை தடுமாறியவர்களை மறுபடி உட்காரவைத்தேன். பழகிய பிறகுதான் மேலே அனுப்பினேன். இறங்கி வரும்போது ஒவ்வொருவர் முகத்திலும் என்ன களை. "புள்ளி நம்ம பேச்சக் கேட்டுக்கினுச்சுபா" என்றார் ஒருவர்.

உள்ளே நடந்ததை வெளியே பேசக் கூடாது என்று ரேவதி எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்பினாள். அவர்களிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

குப்பம்மா கேட்ட கேள்வி

அப்புறம்தான் ரேவதி அந்த மேஜைக்கு அடியில் படுத்த நாள். நான் மேலே சொன்னது.

அன்றைக்கும் மறுநாளும் அவள் இயந்திரத்தைக் கழற்றினாள், மாட்டினாள். அவளுடைய பேராசிரியரோடு போனில் ஏதோ பேசினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் புரியாமல்தான் பேசினார்கள் என்று குரலிலேயே தெரிந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக டிக்கெட் போட்டாகிவிட்டது.

குப்பம்மா கீரைக்கூடையோடு வந்தாள். ரேவதி வாசலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா ரேவதி, மறுக்கா ஒரு தபா உக்காரட்டுமா?"

"ஒரு தடவதான் அத்தை. ஏன்?"

"கடசியில கொஞ்சம் தப்பிப்போச்சு. இந்தவாட்டி நல்லா பண்றேன். உங்க நைனா சொல்லிக் குடுத்தாப்லயே பண்றேன்."

ரேவதி தண்ணீர் சொட்டும் முகத்தோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொல்லிக் குடுத்தீங்க நைனா?"

இனி மறைப்பானேன். டம்ளர், பலகை, துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும். ஏகாம்பரம் மட்டுந்தான் நான் சொல்லிக் குடுக்காம போனான். அவனையும் பின்னால உக்கார வெச்சு சொல்லிக் குடுத்துட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"அவங்க தப்பு பண்ணணும் நைனா. தப்பு பண்ணி, அவங்களா கண்டுபிடிக்கறாங்களா, கை கண்டுபிடிக்குதான்னு பாக்கத்தான் நான் வந்தேன். எனக்கு அந்தத் தப்புதான் வேணும்."

"நல்லா பண்றது ஒரு குத்தமா?"

"நீங்க சொன்னதால மொதல் தடவையே குறி சரியா வெச்சுட்டாங்க. ஆனா கைக்கு யாரும் சொல்லல இல்ல? புள்ளி ஒதுங்குதுன்னு கை அதுபாட்டுக்குத் தனியா திருத்த ஆரம்பிச்சிடுச்சு. நீங்க சொன்னதும் கை திருத்தினதும் சேர்ந்து இடப்பக்கமா ரொம்பத் தள்ளிப்போச்சு. அதான் போகப்போகத் தப்பு. மிஷின் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை சீக்கிரம் வரும்.

"அப்ப இதையே எயுதிடு. புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சிட்டோம்ல."

"இது புதுசு இல்ல நைனா. ஏற்கெனவே தெரிஞ்சதுதான்."

பாருங்கள். நான் செய்த தப்பைக்கூட யாரோ எனக்கு முன்னால் செய்துவிட்டார்கள்.

என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். "ரெண்டு நாளா அந்த மிஷினைக் கழட்டிக்கினு கீதே பொண்ணு. கழட்டவேண்டியது வேற ஒண்ணு கீது வூட்ல."

எல்லோரும் கெட்டுப்போயிருந்தார்கள்

சரி, புது ஆட்களைக் கொண்டுவந்தால் போயிற்று என்று காரை எடுத்தேன்.

எங்கள் ஊரில் வழியே இல்லை. ரேஷன் கடை வரிசையில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு ஒருத்தி செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் இருந்தவரிடம் பேச்சைத் தொடங்கும் முன்பே, "பீச்சாங்கை பக்கம் தள்ளணுமாமே" என்றார். மாகறலில் என் பழைய டிரைவர் வீட்டுக்குப் போனால், அவர் மாமியார் டம்ளரை எடுத்துவந்து எனக்கே சொல்லிக்கொடுத்தார். கூரத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கேயும் சேதி போய்விட்டது.

நான் ஏரிக்கு மடை கட்டினேன், தெருவுக்கு விளக்கு வாங்கித் தந்தேன். அதையெல்லாம் ஒருத்தரும் நாலு பேரிடம் சொன்னதில்லை. இது மட்டும் காட்டுத்தீ மாதிரி பரவியிருக்கிறது.

ரேவதி வாசலில் உட்கார்ந்து யோசித்தாள்.

"கன்னியப்பன் பெரியப்பா ஆளுங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க இல்ல?"

கன்னியப்பன் எங்கள் ஊரில் நெல் அரவை மில் வைத்திருப்பவர். ஒரு காலத்தில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில் என் பெயர் மேலேயும் அவர் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. நான் அச்சடிக்கச் சொன்னதுதான், அதற்கென்ன, அவரைவிட நான்தான் அதிகம் அலைந்தேன். அதோடு நான் அவருக்கு 'மேல்பேரு' ஆனேன்; அவரும், அவர் பங்காளிகளும், மில்லில் மூட்டை தூக்குகிறவர்களும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு வருவதில்லை, கருமாதிக்கு வருவதில்லை. என் பக்கத்து ஆள் யாரும் அவர்களோடு பேசுவதுமில்லை. ஆகவே அவள் சொன்னது சரிதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கெடாத காதுகள் அவர்களுடையவை மட்டுமே.

"அவன் வாசல்ல போய் நான் நிக்கமாட்டேன்" என்றேன்.

ரேவதி எழுந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பசைநாடாவை இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அந்தப் பிடியைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"கட்டி வெக்கறேன். இனிமே எதுக்கு?"

நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மேல்பேரு வந்துகீறாரு

மில்லில் தவிட்டுத் தூசி புகையாக நின்றது. கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்றுதான்.

"வாப்பா மேல்பேரு. வழி தெரிஞ்சு வந்தியா, தவறி வந்தியா?"

"ரேவதிக்கு ஆள் வோணும். அறுபது தாண்டினவங்க."

"மண்ணு வார்றதுக்கா?"

"ஒரு மிஷின் முன்னால உக்காரணும்."

"உக்காந்து?"

"அத நான் சொல்லக் கூடாது."

"நீ? சொல்லக் கூடாதா?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஊரே உன் வூட்ல போண்டா துன்னுதுன்னு கேள்விப்பட்டேன். அவங்கள்லாம் இன்னா ஆனாங்க?"

"அவங்க சரிப்படல."

"ஏன்?"

"நல்லா பண்ணிட்டாங்க."

கன்னியப்பன் பல் குத்துவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப, எங்காளுங்க ஒயுங்கா பண்ணமாட்டாங்கன்னு தேடிக்கினு வந்துகீற."

அதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றால் விளக்க வேண்டும். விளக்கினால் இவர்களும் கெட்டுப்போவார்கள். என் வாழ்க்கையில் பேச இவ்வளவு இருந்தும் பேச முடியாமல் நின்றது அங்கேதான்.

"இது உனக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டார்.

"பொண்ணுக்கு. இது இல்லன்னா அவளுக்கு அடுத்த வேலை இல்ல."

"பொண்ணுக்குன்னா வரேன். ஆனா ஒண்ணு. நாங்க வர்றப்ப நீ வூட்ல இருக்கக் கூடாது. உன் மூஞ்சைப் பாத்துக்கினு நான் படியேற முடியாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இப்படி ஒரு அவமானமா என்று மனைவியோ மகளோ கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அதையே நானும் கேக்கணும்னு இருந்தேன் நைனா" என்றாள் ரேவதி.

டீக்கடை பெஞ்சில்

மறுநாள் காலை நான் என் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கன்னியப்பன் வெள்ளை வேட்டியில் முன்னால் நடந்தார், பின்னால் அவர் ஆட்கள். நான் கட்டிய வீடு, நான் வைத்த கேட். அதைத் தள்ளித் திறந்துகொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டு உப்புமா வாசனை தெருவுக்கு வந்தது. எனக்குக் கடை பன்.

உட்கார இடமில்லை என்று ரேவதி ஒருத்தரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றவர்களை டீக்கடைக்கே திருப்பி அனுப்பினாள். சுற்றிலும் கன்னியப்பன் ஆட்கள். நான் நடுவில்.

முதலில் போனவர் கன்னியப்பன்தான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். ஏகாம்பரம் அன்றைக்கு இறங்கி வந்த அதே முகம். நேராக வந்தவர், வேறு இடமில்லாததால் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள நடந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு உன் பொண்ணு சொல்லுச்சு. சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"அந்த மிஷின்ல இன்னா சூட்சுமம் கீது? உனக்குத் தெரியுமாமே, உப்புமா போட்டப்ப உன் வூட்டம்மா சொல்லுச்சு. நீதான் எல்லாருக்கும் கத்துக் குடுத்தியாமே."

பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. இன்னும் உள்ளே போக வேண்டியவர்கள் எல்லோரும்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வரி. கன்னியப்பனுக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்தது, அவரே வாய் திறந்து கேட்கிறார், அவர் ஆட்கள் முன்னால் கேட்கிறார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். மாடி ஜன்னலைப் பார்த்தேன். கறுப்புத் துணி அசையாமல் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

கன்னியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மறுக்கா சொல்லு."

"எனக்குத் தெரியாது கன்னியப்பா."

"மாஸ்டர், கேட்டுக்கினியா? இவருக்குத் தெரியாதாம். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து இந்த வார்த்த இந்த வாயிலேருந்து வந்து நான் கேட்டதில்ல." தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் ஆட்களும் சிரித்தார்கள். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போனவர்கள் போன முகத்தோடு திரும்பவில்லை. நான் என் டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும், அதற்கடுத்த நாட்களிலும்.

கடைசி ஆள் முடிந்த சாயங்காலம் ரேவதி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள், செருப்புக்கூடப் போடாமல். "என்னமா தப்பு பண்ணியிருக்காங்க நைனா. ஒவ்வொருத்தரும் அவ்ளோ அழகா தப்பு பண்ணியிருக்காங்க" என்றாள். அவள் கண்ணெல்லாம் சிரிப்பு. சிறு வயதில் என் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவருவாளே, அந்த ஓட்டம்.

அவள் வெளிநாடு திரும்பினாள். எழுதி முடிக்கும் வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, வேறு ஆட்களையும் உட்காரவைக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாதக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் கட்டிக்கொள்ளவில்லை. நான் தெரியாது என்று சொன்னதை மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாதாம் என்று உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார்.

கட்டுரை முடிந்தது, அடுத்த வேலையும் கிடைத்துவிட்டது, இனிமேல் சொல்லலாம் நைனா என்று போன வாரம் போனில் சொன்னாள். கன்னியப்பன் மில்லுக்கு இந்த இதழ் வாராவாரம் வருகிறது. இந்தப் பக்கத்தை அவர் சத்தம் போட்டுப் படிக்கட்டும், மோட்டாரை நிறுத்திவிட்டு.

எனக்குத் தெரியும். இடப்பக்கம் தள்ள வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே தெரியும்.